358 கோடி ரூபாய்க்கு வாங்கியது என்ன? நெய்வேலிப் பங்கு விற்பனை, 2013: ஒரு நிகழ்வு ஆய்வு

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தன் பங்குகள் யாரிடம் எவ்வளவு இருக்கின்றன என்ற அட்டவணையை வெளியிட்டாக வேண்டும். அட்டவணையின் மேல்பாதி நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் புரோமோட்டருக்கு, கீழ்ப்பாதி பொதுமக்களுக்கு. 2013 ஆகஸ்டு மாதத்துக்குப் பின் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நிலையை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், மேல்பாதியில் இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரில் 90 விழுக்காடு இருந்தது; மீதிப் பத்து விழுக்காடு பொதுமக்களுடையது. அந்தப் பத்தில் மூன்றரைக்குச் சற்று மேல் வைத்திருந்த ‘பொதுமக்கள்’ யார் என்று தேடினால் சிப்காட், டிட்கோ, தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம், டஃப்பிட்கோ, பவர்ஃபின் என்று ஐந்து பெயர்கள் கிடைக்கும். ஐந்தும் தமிழ்நாடு அரசின் நிறுவனங்கள்.

ஓர் அரசு விற்றதை இன்னோர் அரசு வாங்கியது. சட்டத்தின் பார்வையில் அது பொதுமக்களுக்கு நடந்த விற்பனை. தொழிற்சங்கங்களின் பார்வையில் அது தனியார்மயத்தைத் தடுத்த வெற்றி. பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பார்வையில் விதி நிறைவேறியது. மூவருக்கும் ஒரே நேரத்தில் நிறைவளித்த தீர்வு பொதுத்துறைப் பங்கு விற்பனையின் வரலாற்றில் அரிது என்பதாலேயே அது எப்படிச் சாத்தியமானது, உண்மையில் எதை மாற்றியது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நெய்வேலியின் முன்கதை தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் ஒன்றும் மேலே வந்தது. அதை ஆராயச் சொல்லி அவர் விடாமல் முயன்றதையும், பின்னர் 620 ஏக்கர் நிலத்தைக் கொடுத்ததையும் அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். 1956 நவம்பர் 14 அன்று நிறுவனம் பதிவானது. அடுத்த ஆண்டு மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962இல் சோவியத் ஒத்துழைப்போடு எழுந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும் என்ற இயற்கைச் சிக்கலைப் பெருஞ்செலவில் சமாளித்து நின்ற நிறுவனம் அது. தனியார் மூலதனம் அன்றைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்காது. வடாற்காடு, தென்னாற்காடு மாவட்டங்களில் ‘நெய்வேலியில் வேலை’ என்பது ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றிய சொல். பங்கு விற்பனைச் செய்தி வரும்போதெல்லாம் அந்தப் பகுதி கொதித்ததற்கு இலாப நட்டக் கணக்கைவிட இந்த நினைவே பெரிய காரணம்.

1990களில் பொதுத்துறைப் பங்குகளைச் சிறு சிறு பகுதிகளாக விற்கும் கொள்கை வந்தபோது நெய்வேலியும் அதில் சேர்ந்தது. மொத்தத்தில் 6.44 விழுக்காடு வெளியே போய், ஒன்றிய அரசிடம் 93.56 விழுக்காடு நின்றது. இந்த 93.56 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த இருபதாண்டு அரசியல் முழுவதும் இதன் கடைசித் தசமத்தைச் சுற்றியே நடந்தது.

2006 ஜூன் மாதத்தில் மன்மோகன் சிங் அமைச்சரவை நெய்வேலியிலும் அலுமினிய நிறுவனமான நால்கோவிலும் பத்துப் பத்து விழுக்காடு விற்க முடிவு செய்தது. நெய்வேலியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அப்போது தமிழ்நாட்டில் ஆட்சியில் இருந்த தி.மு.க.வுக்கு மக்களவையில் 16 உறுப்பினர்கள். டெல்லிக் கூட்டணி அவர்களை நம்பி நின்றது. ஆதரவைத் திரும்பப் பெறவும் தயங்கமாட்டோம் என்ற எச்சரிக்கை முதலமைச்சர் கருணாநிதியிடமிருந்து போன உடனே, பிரதமர் அலுவலகம் நெய்வேலி விற்பனையை மட்டுமல்ல, நாடு முழுவதும் எல்லாப் பங்கு விற்பனை முடிவுகளையும் நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஒரு சுரங்க நகரத்துத் தொழிலாளர் போராட்டத்துக்காக ஒன்றிய அரசின் நிதிக் கொள்கையே சில காலம் நின்றது. இங்கே வேலை செய்தது தடுப்பதிகாரம். யாரும் ஒரு பைசா செலவழிக்கவில்லை.

2013இல் அந்த அதிகாரம் யாரிடமும் இல்லை. 2011இல் ஆட்சி மாறி ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தார். அவருடைய கட்சி டெல்லியில் எதிர்வரிசையில். தி.மு.க.வோ இலங்கைப் பிரச்சினையை முன்வைத்து 2013 மார்ச்சிலேயே கூட்டணியிலிருந்து வெளியேறிவிட்டது. மாநிலத்தின் இரண்டு பெரிய கட்சிகளும் பங்கு விற்பனையை எதிர்த்தன. இரண்டில் எதுவும் ஒன்றிய அரசைக் கவிழ்த்துவிடும் நிலையில் இல்லை. 2013இன் தீர்வு பணம் கொடுத்து வாங்கும் தீர்வாக அமைந்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம் என்பது என் கணிப்பு. தடுக்க முடிந்தவரை யாரும் விலை கேட்கவில்லை.

விதி என்ன கேட்டது?

2006இல் விற்பனைக்குக் காரணம் அரசின் விருப்பம். 2013இல் காரணம் ஒரு விதி. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் குறைந்தது 25 விழுக்காடு பங்குகள் பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்று 2010 ஜூனில் பங்கு ஒப்பந்த விதிகள் திருத்தப்பட்டன. இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், பொதுத்துறை நிறுவனங்களுக்கு மட்டும் அந்த வரம்பு பத்து விழுக்காடாகக் குறைக்கப்பட்டு மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டது. அதன்படி 2013 ஆகஸ்டு 8க்குள் நெய்வேலியின் பொதுமக்கள் பங்கு 6.44இலிருந்து பத்துக்கு உயர வேண்டும். வித்தியாசம் 3.56 விழுக்காடு.

விதியைக் காற்றில் விடலாம் என்ற நிலை அப்போது இல்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், 25 விழுக்காட்டு வரம்பை எட்டாத 105 தனியார் நிறுவனங்களின் புரோமோட்டர்களுக்கு எதிராகச் செபி இடைக்கால உத்தரவு போட்டு, வரம்புக்கு மேற்பட்ட பங்குகளின் வாக்குரிமையையும் ஈவுத்தொகையையும் முடக்கியிருந்தது. தனியாரைத் தண்டித்த கையோடு அரசு நிறுவனங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அதற்கு மதிப்பிருக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2013-14 நிதியாண்டில் பங்கு விற்பனை மூலம் திரட்ட இலக்கு வைக்கப்பட்ட தொகை 40,000 கோடி ரூபாய். நெய்வேலியின் 3.56 விழுக்காடு அதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆகவே, கஜானாவை நிரப்புவதற்காகவே நெய்வேலியை விற்கிறார்கள் என்று மேடைகளில் சொல்லப்பட்டது முழு உண்மையல்ல, நிதியமைச்சர் ப.சிதம்பரத்துக்கு அந்தத் தொகையைவிட அந்தத் தேதியே பெரிய நெருக்கடி.

ஜூலை 3 இரவு முதல் நெய்வேலியில் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது. கட்சி வேறுபாடு கடந்து சங்கங்கள் ஒன்றாக நின்றன. நெய்வேலியில் வேலைநிறுத்தம் என்றால் அது மற்ற ஆலை வேலைநிறுத்தம்போல் வாசலோடு நிற்பதில்லை: சுரங்கம் தோண்டும் சக்கர வாளி எந்திரங்கள் நின்றால் கன்வேயர் பட்டை நிற்கும், பட்டை நின்றால் கொதிகலனுக்குக் கரி போகாது, கையிருப்பு தீர்ந்தால் தென்மாநிலங்களின் மின்தொகுப்பில் பள்ளம் விழும். மின்வெட்டால் ஏற்கெனவே நொந்திருந்த தமிழ்நாட்டில் அந்த ஆண்டில் அது சிறு விஷயமல்ல. வேலைநிறுத்தத்துக்குத் தொழிலாளர் நலன் தாண்டிய கனம் வந்ததற்கு அந்தப் பட்டைதான் காரணம்.

இந்த இடத்தில்தான் மாநில அரசின் மாற்று யோசனை வருகிறது: விற்றே தீர வேண்டும் என்றால் எங்களுக்கே விற்றுவிடுங்கள்.

கேட்பதற்கு எளிது. செய்வதற்கு மூன்று முடிச்சுகளை அவிழ்க்க வேண்டியிருந்தது. பங்குச்சந்தை வழியாக வெளிப்படையாக விற்றால் யார் வேண்டுமானாலும் விலை கேட்கலாம். மாநில அரசுக்கே கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே நிறுவன முதலீட்டாளர்களுக்கு மட்டும் ஒதுக்கீடு செய்யும் வழியைப் பிடித்தார்கள். ஆனால் அந்த வழியில் வாங்குபவர் ‘தகுதி வாய்ந்த நிறுவன முதலீட்டாளர்’ என்ற வரையறைக்குள் வர வேண்டும். மாநில அரசு தன் பெயரில் அதற்குள் வராது, மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் போன்றவை வரும். கோட்டையிலிருந்து காசோலை எழுத முடியாமல் ஐந்து நிறுவனங்களின் வழியே போனதன் சூட்சுமம் இது. மூன்றாவது முடிச்சு ‘பொதுமக்கள்’ என்ற சொல். விதியில் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் கிடையாது. புரோமோட்டரும் புரோமோட்டர் குழுவும், பட்டியலிடப்பட்ட அந்த நிறுவனத்தின் துணை, இணை நிறுவனங்களும் அல்லாத எவரும் பொதுமக்களே. நெய்வேலியின் புரோமோட்டர் இந்தியக் குடியரசுத் தலைவர், அதாவது ஒன்றிய அரசு. தமிழ்நாடு அரசின் சிப்காட் அந்தப் புரோமோட்டர் குழுவிலும் இல்லை, நெய்வேலியின் துணை நிறுவனமுமல்ல. ஆகவே சிப்காட்டும், மாம்பலத்தில் ஐம்பது பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் சட்டத்தின் முன் ஒரே இனம்.

டெல்லியும் செபியும் இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டன. ஜூலை நடுவில் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. கெடு முடியும் தறுவாயில் பங்குகள் கை மாறின. கணக்கு எளியது. அன்று நிறுவனத்துக்கு மொத்தம் 167.77 கோடிப் பங்குகள், அதில் 3.56 விழுக்காடு என்பது சுமார் 5.97 கோடி, பங்கு ஒன்று 60 ரூபாய், ஆக மொத்தம் சுமார் 358 கோடி ரூபாய்.

வாங்கியது என்ன?

பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். சிப்காட்டின் வேலை தொழிற்பேட்டைகளுக்கு நிலம் சேர்த்து மனை பிரிப்பது. தொழில் முதலீட்டுக் கழகத்தின் வேலை சிறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கடன் கொடுப்பது. டஃப்பிட்கோ நகராட்சிகளின் குடிநீர், சாலை, சாக்கடைத் திட்டங்களுக்கு நிதி தருவதற்காக உண்டாக்கப்பட்டது. பவர்ஃபின்னில் இருப்பது பெரும்பாலும் ஓய்வூதியர்களும் நடுத்தரக் குடும்பங்களும் வங்கியைவிட அரை விழுக்காடு, ஒரு விழுக்காடு வட்டி கூடக் கிடைக்கிறதே என்று போட்ட வைப்புத்தொகை. அது மின்வாரியத்துக்குக் கடனாகப் போகும். இவற்றில் எதனுடைய தொழிலும் நிலக்கரி நிறுவனத்தில் சிறுபான்மைப் பங்கு வைத்திருப்பது அல்ல. 358 கோடி என்பது அரசின் அளவில் பெரிய தொகை இல்லை என்பது உண்மைதான். ஆனால் நிதிநிலை அறிக்கையில் ஒரு செலவினமாக வைத்து, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையாக விவாதித்துச் செய்யப்படும் முதலீடு ஒன்று. சொந்த நிறுவனங்களின் கையிருப்பைக் கொண்டு செய்யப்படும் முதலீடு வேறு.

அடுத்தது, அந்தப் பங்கு தந்த உரிமை. நிறுவனச் சட்டப்படி பத்தில் ஒரு பங்கு இருந்தால் சிறப்புப் பொதுக்கூட்டத்தைக் கூட்டச் சொல்லலாம். கால் பங்குக்கு மேல் இருந்தால் சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்கலாம். 3.56 விழுக்காட்டுக்கு இரண்டும் கிடையாது. இயக்குநர் குழுவில் தமிழ்நாடு அரசின் மூத்த அதிகாரி ஒருவருக்கு இடம் தரும் வழக்கம் இந்தக் கொள்முதலுக்கு முன்பிருந்தே உண்டு. பங்கு வாங்கியதால் அது கூடவுமில்லை. எதிர்காலத்தில் ஒன்றிய அரசு மேலும் பங்கு விற்றால் முதலில் எங்களிடம் கேட்க வேண்டும் என்ற முன்னுரிமை இந்தக் கொள்முதலோடு வரவில்லை. என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய ஓட்டை அதுதான். வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த, கெடு நெருங்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரங்களில் மாநிலத்தின் பேரம் பேசும் வலு உச்சத்தில் இருந்தது. அந்த வலுவைக் கொண்டு கேட்டது பங்கை. கேட்டிருக்க வேண்டியது ஒப்பந்த வாசகத்தை.

ஒப்பிட்டுப் பார்க்க அருகிலேயே வேறொரு மாதிரி இருந்தது. தூத்துக்குடியில் இரண்டு ஐந்நூறு மெகாவாட் அலகுகளோடு அமைந்த அனல்மின் நிலையம், நெய்வேலி நிறுவனத்துக்கு 89 விழுக்காடும் தமிழ்நாடு மின்வாரியத்துக்கு 11 விழுக்காடுமாக அமைந்த கூட்டு நிறுவனம். அங்கேயும் மாநிலம் சிறுபான்மைதான். ஆனால் கூட்டு நிறுவனம் என்றால் அதன் பின்னால் ஒப்பந்தம் இருக்கும், பங்கோடு மின்சாரமும் பேசி முடிக்கப்பட்டிருக்கும். சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்கை வாங்கியவருக்கு ஈவுத்தொகையும், ஆண்டுக்கொரு முறை பொதுக்கூட்ட அழைப்பும் வரும்.

2013க்குப் பிறகு நடந்தவை இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கின. 2014 ஆகஸ்டில் பொதுத்துறைக்கான சலுகை வரம்பு எடுக்கப்பட்டு, தனியாரைப் போலவே 25 விழுக்காடு என்று விதி மாறியது. பத்தை எட்ட அத்தனை பாடுபட்ட நிறுவனம் ஒரே ஆண்டில் மீண்டும் விதிக்குக் கீழே நின்றது. கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2016இல் நிறுவனத்தின் பெயரே என்.எல்.சி. இந்தியா என்று மாறியது. 2017 அக்டோபரில் பங்குச்சந்தை வழியே ஒரு பகுதி விற்கப்பட்டது. 2018இல் பொதுத்துறைப் பங்குகளை ஒரே கூடையில் கட்டி யூனிட்டாக விற்கும் இ.டி.எஃப். திட்டத்தில் நெய்வேலியும் சேர்க்கப்பட்டது. அதில் பணம் போட்டவர்களில் பலருக்குத் தாங்கள் நெய்வேலிப் பங்கையும் வாங்குகிறோம் என்பதே தெரிந்திருக்காது. இன்ன நிறுவனத்தின் இத்தனை விழுக்காடு விற்கப்படுகிறது என்று தலைப்புச் செய்தி ஆகாத விற்பனையை எந்தச் சங்கம் எந்த வாசலில் நின்று எதிர்க்கும்?

இதற்கிடையில் நிறுவனமே தன் பங்குகளைத் திரும்ப வாங்கியது இருமுறை. முதல்முறை சுமார் 14.91 கோடிப் பங்குகள் 98.75 ரூபாய் வீதம். அடுத்தமுறை சுமார் 14.19 கோடிப் பங்குகள் 88 ரூபாய் வீதம். இரண்டும் சேர்த்து 2,700 கோடி ரூபாய்க்கு மேல் நிறுவனத்தின் கையிருப்பிலிருந்து பங்குதாரர்களுக்குப் போனது. பெரும் பங்குதாரர் யார் என்பது தெரிந்ததே. பெரும்பகுதி டெல்லிக்குப் போனது. மொத்தப் பங்குகள் 167.77 கோடியிலிருந்து 138.66 கோடியாகச் சுருங்கின. விற்பனைக்கு எதிராகச் சங்கங்கள் சொன்ன முதன்மையான வாதம், நிறுவனத்தின் சேமிப்பு விரிவாக்கத்துக்குப் போகாமல் அரசின் பற்றாக்குறையை அடைக்கப் போகிறது என்பது. பங்கு விற்பனையில் நிறுவனத்தின் பணம் வெளியே போவதில்லை. திரும்பப் பெறலில்தான் போகிறது. அந்த வாதம் முழுமையாகப் பொருந்துவது இதற்கே. ஆனால் 2013இல் எழுந்த குரலோடு ஒப்பிட்டால் இதற்கு எழுந்தது முணுமுணுப்புதான்.

2024 மார்ச்சில் ஐந்து விழுக்காடும், கேட்பு அதிகமானால் கூடுதலாக இரண்டும் என்று அறிவித்து, பங்குக்கு 212 ரூபாய் என அடிப்படை விலை வைத்து, இரண்டே நாளில் விற்பனை முடிந்தது. ஒன்றிய அரசின் பங்கு 79.2இலிருந்து 72.2 விழுக்காடானது. 2013இல் விற்றதைப் போல ஏறத்தாழ இருமடங்கு விழுக்காடு; 2006ஐயோ 2013ஐயோ நினைவூட்டும் கொந்தளிப்பு எதுவும் இல்லை. தமிழ்நாட்டு நிறுவனங்கள் 60 ரூபாய்க்கு வாங்கிய 5.97 கோடிப் பங்குகளை இந்த 212 ரூபாயில் மதிப்பிட்டால் 1,266 கோடி ரூபாய் வருகிறது. வெறும் முதலீடாகப் பார்த்தால் நல்ல முதலீடு. ஆனால் அன்று எவரும் அதை முதலீடு என்று சொல்லி வாங்கவில்லை.

நெய்வேலியின் மீது தமிழ்நாட்டுக்கு உண்மையான பிடி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு 2023ஆம் ஆண்டு இரண்டு விடைகளைக் காட்டியது. ஏப்ரலில், காவிரிப் படுகைப் பகுதியைச் சேர்ந்த வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கேயுள்ள பகுதி ஆகிய மூன்று இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்து எதிர்ப்பு எழுந்தது. முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களில் மூன்றும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. அங்கே வேலை செய்தது அரசியல். ஜூலையில், இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய் வெட்ட வளையமாதேவியில் எந்திரங்கள் இறங்கின. கதிர் பிடிக்கும் பருவத்தில் நின்ற நெற்பயிரின் மீது பொக்லைன் ஏறிய படங்கள் நாடெங்கும் போயின. நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடு தரப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். பயிரை அறுக்கும்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்பது விவசாயிகளின் கேள்வி. அந்த நிலத்தைக் கையகப்படுத்தித் தருவது மாவட்ட நிர்வாகம். எந்திரத்துக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றதும் மாநிலக் காவல்துறை. நிலம், தண்ணீர், மின்சாரக் கொள்முதல் ஆகிய மூன்றிலும் நெய்வேலிக்கு மாநில அரசின் தயவு தேவைப்படுகிறது. வேலைவாய்ப்புக்கும் இழப்பீட்டுக்கும் நிபந்தனை போடக்கூடிய இடங்கள் அவை. பங்குதாரர் அட்டவணையின் கீழ்ப்பாதியில் உட்கார்ந்துகொண்டு இந்த நிபந்தனைகளில் ஒன்றைக்கூடப் போட முடியாது.

2024 விற்பனைக்குப் பின் பொதுமக்கள் பங்கு 27.8 விழுக்காடு. 25 என்ற வரம்பு தாண்டப்பட்டுவிட்டதால், 2013 முதல் ஒவ்வொரு விற்பனைக்கும் காரணமாகக் காட்டப்பட்ட செபி விதியை இனிக் காரணமாகக் காட்ட முடியாது. 72.2க்கும், நிர்வாகக் கட்டுப்பாட்டுக்கு அரசு வைத்திருக்க வேண்டிய 51க்கும் நடுவே 21 விழுக்காடு இருக்கிறது, 138.66 கோடிப் பங்குகளில் அது ஏறத்தாழ 29 கோடிப் பங்கு. அவற்றில் ஒன்றின்மீதும் தமிழ்நாட்டுக்கு முன்னுரிமை எழுதி வாங்கப்படவில்லை.